ரெண்டு கேரியர் லேப்ரடார் சேர்ந்தப்போ: பரம்பரைக் கண் நோய் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

இது பொள்ளாச்சி பக்கம் வீட்டுலயே லேப்ரடார் வளர்த்து குட்டி குடுக்குற ஒரு அக்காவோட நாய்ங்களுக்கு 2022ல ஆரம்பிச்சு 2024 வரைக்கும் நடந்த விஷயம். கேரியர்னா தனக்கு நோய் வராம, கெட்ட ஜீனைக் குட்டிக்குக் கடத்தக்கூடிய நாய். நான் அந்தப் பக்கம் சின்னதா கிளினிக் வச்சிருக்க கால்நடை டாக்டர். சம்பந்தப்பட்டவங்க ஒத்துக்கிட்டதாலதான் எழுதுறேன், ஆளுங்க பேரும் நாய்ங்க பேரும் போடல. லேப்ரடார், காக்கர் ஸ்பானியல், பூடில் இதுல எதை ப்ரீட் பண்றவங்களா இருந்தாலும் இது உங்களுக்கும் வரக்கூடிய நிலைமைதான், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

பின்னணி

அந்த அக்கா ரிட்டயர்டு டீச்சர். கூண்டு கூண்டா அடைச்சு வச்சு குட்டி எடுக்குற ஆள் கிடையாது, ஒரு ஆண், நாலஞ்சு பெட்டை, எல்லாம் வீட்டுத் திண்ணையிலயும் தோப்புலயும் சுத்திக்கிட்டு இருக்கும். கேசிஐ பேப்பர் (கென்னல் கிளப் குடுக்குற வம்சாவளிச் சான்று), மைக்ரோசிப், தடுப்பூசி அட்டை எல்லாம் பக்காவா இருக்கும். மேட்டிங்குக்கு முன்னாடி இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பாக்குறவங்க நம்ம ஊர்ல ரொம்பக் கம்மி, அவங்க அதையும் பண்ணுவாங்க. கண்ணுக்கு மட்டும் எந்த டெஸ்ட்டும் பண்ணதில்ல, ஏன்னா அவங்க வீட்டு நாய் எதுக்கும் கண்ணுல பிரச்சனைன்னு வந்ததே இல்ல.

ஆண் 2014ல பிறந்த மஞ்சள் லேப்ரடார். இடுப்பு நல்லா இருக்கும், ரொம்ப சாது, குழந்தைங்க வாலைப் புடிச்சு இழுத்தாக்கூட எந்திரிச்சு தள்ளிப் போய் படுத்துக்கும். வெளியில இருந்தும் நிறைய பேரு ஸ்டட்டுக்கு, அதாவது அவங்க பெட்டையோட சேர்க்க, கேட்டு வருவாங்க. அதே வருஷம் பிறந்த ஒரு கருப்புப் பெட்டையோட இதை ரெண்டு தடவை சேர்த்தாங்க, 2017ல ஏழு குட்டி, 2019ல எட்டு குட்டி. ரெண்டாவது ஈத்துல இருந்து ஒரு கருப்புப் பெட்டைக் குட்டியை ஷோவுக்கும் அடுத்த தலைமுறைக்கும்னு வீட்டுலயே நிறுத்திக்கிட்டாங்க. அவதான் வீட்டுல சின்னவ, அக்காவுக்கு உசிரு.

முதல்ல கவனிச்சது

2017 ஈத்துல பிறந்த ஒரு கருப்புப் பெட்டை கோபி பக்கம் ஒரு வாழை விவசாயி வீட்டுல வளர்ந்துச்சு. தோட்டத்துல த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில வரும்போது அவரு மோட்டார் போடப் போவாரு, நாயும் அவரை விட்டுப் பிரியாம கூடவே போகும். 2021 மார்கழி வாக்குல அது வாசப்படியிலயே நின்னுக்க ஆரம்பிச்சிருக்கு. கூப்பிட்டா வாலாட்டும், ஆனா இறங்காது. அவரு கொஞ்சம் கவனிச்சுப் பாத்தப்போ, டார்ச் வெளிச்சம் தரையில விழுற இடத்துல மட்டும் கால் வைக்குது, வெளிச்சத்தை நகர்த்தினா நின்னுடுது. பகல்ல அதே நாய் காக்காயைத் துரத்திட்டு ஓடும், அதனால வீட்டுல எல்லாரும் ஏதோ பாம்பைப் பாத்து பயந்திருக்கும்னுதான் நெனச்சிருக்காங்க.

அந்த சமயத்துல நாய் சோர்ந்து போய் சாப்பிடாம இருந்துச்சுன்னு பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டியிருக்காங்க. ரத்தம் பாத்ததுல தட்டணுக்கள் குறைவு, உண்ணிக் காய்ச்சல் பாசிட்டிவ், டாக்சிசைக்ளின் குடுத்து நல்லாயிடுச்சு. உண்ணிக் காய்ச்சல்ல கண்ணும் பாதிக்கும், விழித்திரையில ரத்தக்கசிவு கூட வரும், அதனால அந்த டாக்டர் கண்ணையும் அதோட சேர்த்து யோசிச்சது நியாயமானதுதான். ஆனா காய்ச்சல் போய் சாப்பாடு எல்லாம் பழையபடி ஆனதுக்கு அப்புறமும் ராத்திரி படி இறங்குறது மட்டும் சரியாகல, இன்னும் மோசமாச்சு. அப்புறம்தான் என்கிட்ட கூட்டிட்டு வந்தாரு. அவரு சொன்ன முதல் வார்த்தையே "பகல்ல ஒண்ணுமில்லீங்க சார், இருட்டுனா இது வேற நாயா மாறிடுதுங்க" அப்படிங்கறதுதான். பாதி நோயை அந்த ஒரு வரியிலயே சொல்லிட்டாரு.

பரிசோதனையில தெரிஞ்சது

ரூம்ல எல்லா லைட்டும் போட்டு பிளாஸ்டிக் ஸ்டூல், பக்கெட், ஒரு நாற்காலின்னு குறுக்கும் நெடுக்குமா வச்சு நடக்க விட்டோம், எதுலயும் இடிக்காம வளைஞ்சு வளைஞ்சு அவருகிட்ட போயிடுச்சு. அதே சாமானை இடம் மாத்தி வச்சுட்டு லைட்டை அணைச்சு வராண்டா வெளிச்சம் மட்டும் விட்டோம். இப்போ கழுத்தைக் கீழ தொங்கப் போட்டு, முன்னங்காலைத் தேவைக்கு மேல தூக்கித் தூக்கி வச்சு, மூக்கு ஸ்டூல்ல பட்டதும் அப்படியே நின்னுடுச்சு. அவரு குரல் குடுத்தாரு, குரல் வந்த திசைக்குத் திரும்பி நேரா பக்கெட்டுல போய் முட்டிக்கிச்சு. அவரால அதைப் பாக்க முடியல.

கண் அழுத்தம் ரெண்டுலயும் நார்மல், அதனால க்ளாக்கோமா இல்ல. கண்ணுப் பாப்பா பெருசா விரிஞ்சு இருந்துச்சு, வெளிச்சம் அடிச்சா மெதுவாத்தான் சுருங்குச்சு. சொட்டு மருந்து போட்டு விரிய வச்சு உள்ள பாத்தப்போ விழித்திரையோட பின்னாடி இருக்க பளபளப்புப் படலம் ரெண்டு கண்லயும் அளவுக்கு மீறி மின்னுச்சு, அதுக்கு முன்னாடி இருக்க விழித்திரை மெலிஞ்சு போனா இப்படித்தான் தெரியும். ரத்தக் குழாய்ங்க நூல் மாதிரி மெலிஞ்சிருந்துச்சு, நரம்பு வெளிய வர்ற வட்டம் வெளிறிக் கிடந்துச்சு, லென்ஸோட பின்பக்கம் லேசா புரை ஆரம்பிச்சிருந்துச்சு.

இதுல முக்கியமானது ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி, ஒரே அளவுக்கு கெட்டிருந்தது. உண்ணிக் காய்ச்சல்ல வர்ற சேதம் பெரும்பாலும் திட்டுத்திட்டா, ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் வித்தியாசமா இருக்கும். திடீர்னு ஒரு சில வாரத்துல குருடாகுற இன்னொரு நோய் இருக்கு, அதுல ஆரம்பத்துல விழித்திரை பாக்க நல்லாவே இருக்கும், இங்க அப்படியும் இல்ல. மாசக்கணக்குல மெதுவா, முதல்ல இருட்டுல, ரெண்டு கண்ணும் சமமா, அதுவும் நாலரை வயசு லேப்ரடார்ல. பரம்பரையா வர்ற பிஆர்ஏவைத்தான் முதல் சந்தேகமா வச்சேன், அதாவது விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு போற நோய். கம்மி வெளிச்சத்துல பாக்க உதவுற ராட் செல்லுங்க முதல்ல சாகும், பகல் வெளிச்சத்துக்கான கோன் செல்லுங்க அப்புறம் சாகும், அதனாலதான் ராத்திரி பார்வை முதல்ல போகுது.

விழித்திரையோட மின்துடிப்பை அளக்குற ஈஆர்ஜி எங்க பக்கத்துல கிடையாது. நாயை மயக்க மருந்து குடுத்து தூரமா கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, கன்னத்து உள்பக்கம் ஸ்வாப் எடுத்து டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்னு முடிவு பண்ணோம். லேப்ரடார்ல அதிகமா வர்ற பிஆர்ஏ வகைக்கு ஜீன் எதுன்னு தெரியும், அது பாசிட்டிவா வந்தா கண்ணுல பாத்ததோட சேர்த்து வேற எதுவும் தேவைப்படாது.

ரிசல்ட், அதோட அர்த்தம்

மூணு வாரத்துல ரிப்போர்ட் வந்துச்சு. பிஆர்சிடிங்கற அந்த ஜீன்ல ரெண்டு பிரதியுமே கெட்டது, அஃபெக்டட், அதாவது நோய் இருக்க நாய்.

இந்த ஜீனை 2006ல அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க. நாயோட 9ஆவது குரோமோசோம்ல இருக்கு, டிஎன்ஏவுல ஒரே ஒரு எழுத்து மாறினதுதான் மொத்தக் காரணம். அதே மாற்றத்தை வங்கதேசத்தைச் சேர்ந்த, விழித்திரை நோய் இருக்க ஒருத்தர்கிட்டயும் அந்த ஆராய்ச்சியிலயே பாத்திருக்காங்க. நாய்ல இது ரீசசிவ், அதாவது அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு கெட்ட பிரதி சேர்ந்தாத்தான் நோய். ஒண்ணு மட்டும் இருந்தா கேரியர், அந்த நாய்க்கு இந்த நோய் வராது, சாகுற வரைக்கும் இதனால கண்ணு போகாது, ஆனா அதோட குட்டிங்கள்ல பாதிக்கு அந்த கெட்ட பிரதி போகும்.

லேப்ரடார்ல இந்த நோய் வெளிய தெரியுறது பெரும்பாலும் நாலு வயசுக்கு மேலதான். நாம மேட்டிங் ஆரம்பிக்குறது ரெண்டு வயசுல. நோய் இருக்க நாயே கண்ணு நல்லா இருக்கும்போதே ரெண்டு மூணு ஈத்து போட்டு முடிச்சிருக்கும், கேரியரைப் பத்தி சொல்லவே வேண்டாம், கண்ணைப் பாத்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. குட்டி வாங்கினவங்க வீட்டுல நாலு வருஷம் கழிச்சு குருடாகும்போது அவங்க "வயசாயிடுச்சு"ன்னு நெனச்சுப்பாங்க, ப்ரீடருக்கு போன் பண்ணிச் சொல்லணும்னு தோணாது. அந்த அக்காவுக்கு பதினஞ்சு வருஷமா ஒரு கேஸ் கூட காதுக்கு வராம இருந்தது இப்படித்தான்.

கோபிக்காரரு கேட்ட முதல் கேள்வி, வைத்தியம் இருக்கான்னு. இல்லன்னு நேரா சொல்லிட்டேன். ஜீன் தெரபி பத்தி அவரு பையன் படிச்சிருந்தான், அதைக் கேட்டான். அது உண்மைதான், 2001ல அமெரிக்காவுல பிறவியிலயே பார்வை இல்லாத, ப்ரியார்ட்ங்கற இனத்து வழி வந்த மூணு நாய்ங்களுக்கு ஜீனை ஊசி மூலமா கண்ணுக்குள்ள செலுத்தி பார்வை வர வச்சாங்க, அதுல ஒரு நாய் பேரு லான்ஸ்லாட், அந்த வழியில வளர்ந்த மருந்துக்குத்தான் 2017 டிசம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ மனுஷங்களுக்கு அனுமதி குடுத்துச்சு. ஆனா அது ஆர்பிஇ65ங்கற வேற ஜீன், நம்ம நாயோடது அது இல்ல. அவன் முகம் வாடிடுச்சு, ஆனா இல்லாத நம்பிக்கையைக் குடுத்து அனுப்புறதை விட இது மேல்.

ப்ரீடர்கிட்ட சொன்னது

ரிப்போர்ட்டை அக்காகிட்ட நானே நேர்ல எடுத்துட்டுப் போனேன், கோபிக்காரரு அனுமதி குடுத்த பிறகு. அக்கா முதல்ல ஏத்துக்கல. "தம்பி, அந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்துச்சுன்னு அவரே சொன்னாரே, கண்ணு அதுல போயிருக்கும். எங்க ஆணுக்கு எட்டு வயசாகப் போகுது, ராத்திரியில செவுத்துப் பல்லியைப் புடிக்குது"ன்னாங்க.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "ரெண்டு கருப்பு லேப்ரடார் சேர்ந்து மஞ்சள் குட்டி போட்டா நீங்க ஆச்சரியப்படுவீங்களாக்கா?"

"அதுல என்ன இருக்கு, ரெண்டுக்கும் உள்ளுக்குள்ள மஞ்சள் இருந்தா வரும்."

"இதும் அதே கணக்குதான்."

கொஞ்ச நேரம் எதுவும் பேசல. வருஷக்கணக்கா நிறத்துக்கு கணக்குப் போட்டு ஜோடி சேர்த்த ஆளு, அவங்களுக்கு ரீசசிவ்னா என்னன்னு நான் பாடம் எடுக்க வேண்டியதே இல்ல. அப்பா அம்மா ரெண்டு பேருமே கேரியராவாவது இருந்தே ஆகணும்னு அவங்களே சொன்னாங்க. அப்புறம் திண்ணையில படுத்திருந்த சின்னவளைப் பாத்துட்டு "அப்போ இவளுக்கு?"ன்னு கேட்டாங்க. அவளும் அதே ஜோடிக்குப் பிறந்தவதான்.

வீட்டு நாய்ங்களுக்கு டெஸ்ட்

ஆறு நாய்க்கும் ஸ்வாப் எடுத்தோம். ஒவ்வொண்ணுக்கும் முதல்ல சிப்பை ஸ்கேன் பண்ணி, நம்பரை கவர் மேல எழுதி, அப்புறம்தான் வாயில ஸ்வாப் வச்சோம். இதுல நான் கறாரா இருப்பேன், ஏன்னா சிப் நம்பர் இல்லாத ரிப்போர்ட்டை யாரு வேணும்னாலும் எந்த நாய்க்கு வேணும்னாலும் காட்டலாம்.

சாக்லேட் நிறப் பெட்டை ஒண்ணு அந்த மாசம் ஹீட்டுக்கு வர வேண்டியது, அதை வீட்டு ஆணோட சேர்க்குறதா இருந்தாங்க, குட்டிக்கு ரெண்டு பேருகிட்ட அட்வான்ஸ் வாங்கியாச்சு. ரிசல்ட் வர்றதுக்குள்ள ஹீட் வந்து போயிடும்னு தெரிஞ்சும் அக்கா நிறுத்திட்டாங்க, அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்தாங்க. இந்த மொத்த விஷயத்துலயும் அவங்க மேல எனக்கு மரியாதை கூடின இடம் அதுதான், ஏன்னா அப்போ அவங்களுக்கு இன்னும் முழுசா நம்பிக்கை வரல, இருந்தாலும் நிறுத்தினாங்க.

ரிசல்ட்: ஆண் கேரியர். கருப்பு அம்மா கேரியர். மஞ்சள் பெட்டைங்க ரெண்டுல ஒண்ணு கேரியர், இன்னொண்ணு க்ளியர், அதாவது கெட்ட பிரதியே இல்ல. சாக்லேட் க்ளியர். சின்னவ அஃபெக்டட்.

சின்னவளுக்கு அப்போ ரெண்டரை வயசு. கண்ணைப் பாத்தேன், பெருசா எதுவும் சொல்ற மாதிரி இல்ல. பந்தை எகிறி வாயில புடிக்குறா. ஷோவுல ரெண்டு தடவை நல்ல பேரு வாங்கினவ. அக்கா அந்தப் பேப்பரை மடிச்சு வச்சுட்டு உள்ள போயிட்டாங்க, அன்னைக்கு அதுக்கு மேல பேச்சு இல்ல.

ஆணோட பேப்பரையும் கருப்பு அம்மாவோட பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்போ ரெண்டுலயும் மூணாவது தலைமுறையில ஒரே இம்போர்ட்டட் நாயோட பேரு இருந்துச்சு. கெட்ட பிரதி அங்க இருந்துதான் வந்துச்சுன்னு சொல்ல ஆதாரம் இல்ல, அந்த நாய்க்கு டெஸ்ட் பண்ணவும் இல்ல. ஆனா பேரு வாங்கின ஒரு ஆணை ஊரே உபயோகிச்சா சில தலைமுறை கழிச்சு அது ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து சந்திக்கும், அப்படித்தான் எத்தனையோ ரீசசிவ் நோய் வெளிய வருது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஒரு வாரம் கழிச்சு உக்காந்து பேசினோம். அக்கா அதுக்குள்ள வேற மாதிரி ஆகிட்டாங்க, கேரியர் எல்லாத்துக்கும் கருத்தடை பண்ணிடலாம், ஆணையும் நிறுத்திடலாம், க்ளியரா இருக்க ரெண்டை மட்டும் வச்சுக்கலாம்னாங்க. கோபமும் பயமும் சேர்ந்து வந்த முடிவு அது. நான் வேண்டாம்னு சொன்னேன்.

ஆணை ஏன் வச்சுக்கணும்னா, கேரியரை க்ளியரோட சேர்த்தா ஒரு குட்டிக்குக் கூட இந்த நோய் வராது, பாதி க்ளியர், பாதி கேரியர். அதோட இடுப்பும் குணமும் கிடைக்குறது லேசு இல்ல. ஒரே ஒரு ஜீனுக்காக அதைத் தூக்கிப் போட்டுட்டு, இடுப்பைப் பத்தியும் குணத்தைப் பத்தியும் எதுவுமே தெரியாத ஒரு க்ளியர் ஆணைக் கொண்டு வந்தா நாம நல்லது பண்ணதா அர்த்தம் இல்ல. எனக்கு இதை விட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. கேரியர்னு தெரிஞ்சா நாய்க்கு மதிப்பு போயிடும், ப்ரீடிங்ல இருந்து ஓரங்கட்டிடுவாங்கன்னு பேரு பரவிட்டா எந்த ஸ்டட்காரரும் டெஸ்ட்டே பண்ண மாட்டாரு, பண்ணாலும் ரிப்போர்ட்டை ஒளிச்சு வைப்பாரு. தப்பு கேரியர் நாய்கிட்ட இல்ல, தெரியாம ரெண்டு கேரியரை சேர்த்ததுலதான் இருக்கு. இதை ப்ரீடர்ங்க மத்தியில திரும்பத் திரும்ப சொல்லணும்.

சின்னவ விஷயத்துலதான் ரொம்ப நேரம் பேசினோம். கணக்குப்படி அஃபெக்டட் பெட்டையை க்ளியர் ஆணோட சேர்த்தாலும் நோய் இருக்க குட்டி வராது, எல்லாமே கேரியரா வரும். "ஒரே ஒரு ஈத்து எடுத்துக்கலாமா தம்பி"ன்னு அக்கா கேட்டாங்க. நான் மாட்டேன்னு சொல்லல, இதை மட்டும் கேட்டேன்: எட்டு குட்டி பிறந்தா எட்டும் கேரியர், டெஸ்ட் பண்ணாத நாய்ங்க நிறைஞ்ச ஊர்ல அதை எல்லாம் யாரு கண்காணிப்பாங்க? அதுவும் இல்லாம அதே ரத்தம் ஆண் வழியா கிடைக்குது, அதுல பாதிக் குட்டி க்ளியர். அக்கா ரெண்டு நாள் யோசிச்சுட்டு கருத்தடைக்கு அழைச்சுட்டு வந்தாங்க.

கருப்பு அம்மாவுக்கு வயசாயிடுச்சு, அதுக்கும் கருத்தடை. கேரியர் மஞ்சள் பெட்டைக்கு வெளியில இருந்து க்ளியர்னு ரிப்போர்ட் இருக்க ஆண் கிடைச்சா மட்டும் மேட்டிங். வெளியில இருந்து ஸ்டட் கேட்டு வர்றவங்களுக்கு, அவங்க பெட்டை க்ளியரா இருந்தா மட்டும் குடுக்குறதுன்னு முடிவாச்சு. அந்த வருஷம் மூணு பேரு வந்தாங்க, யாருகிட்டயும் ரிப்போர்ட் இல்ல, ஒருத்தர் மட்டும் டெஸ்ட் எடுத்துட்டு திரும்பி வந்தாரு, மத்தவங்க வேற இடம் பாத்துக்கிட்டாங்க. வருமானம் போச்சு, அதை மறைச்சுச் சொல்றதுல பிரயோஜனம் இல்ல.

பழைய குட்டிங்களைத் தேடினது

எல்லாத்துலயும் கஷ்டமான வேலை இதுதான். ரெண்டு ஈத்துலயும் சேர்த்து பதினஞ்சு நாய். நாலு பேரோட போன் நம்பர் மாறிப் போயிருந்துச்சு, எவ்வளவு விசாரிச்சும் புடிக்க முடியல. மத்த பதினொண்ணுல கோபி நாயும் சின்னவளும் சேர்த்து ஒம்பது நாய்க்கு டெஸ்ட் ஆச்சு, மத்தவங்க செலவை எல்லாம் அக்காவே குடுத்தாங்க. மூணு அஃபெக்டட், நாலு கேரியர், ரெண்டு க்ளியர்.

மூணாவது அஃபெக்டட் மதுரையில இருந்த ஒரு ஆண், கோபி நாயோட கூடப் பிறந்தது. அந்த வீட்டம்மா போன்ல சொன்னதை மறக்க முடியாது. சாயங்காலம் ஆனா கார்ல ஏற மாட்டேங்குதுன்னு அதை பிடிவாதக்கார நாய்னு முடிவு பண்ணி, ட்ரெயினர் வச்சு கண்டிச்சுப் பழக்கிட்டு இருந்திருக்காங்க. ரிசல்ட் வந்ததும் முதல்ல ட்ரெயினரை நிறுத்தினாங்க. குருடாகுற நாயை கீழ்ப்படியாத நாய்னு நெனச்சு அடிக்குறது எத்தனை வீட்டுல நடக்குதோன்னு எனக்கு இன்னும் மனசு கேக்கல.

டெஸ்ட் வேண்டாம்னவங்க ரெண்டு பேரு. ஒருத்தர் நாய்க்கு எப்பவோ கருத்தடை ஆயிடுச்சு, அவசியம் இல்லன்னாரு, சரி. இன்னொருத்தர் சேலத்துல, 2019 ஈத்து ஆண், அதை ஸ்டட்டா விட்டுட்டு இருக்காரு. ரெண்டு கேரியருக்குப் பிறந்த நாய்க்கு குறைஞ்சது ஒரு கெட்ட பிரதியாவது இருக்க நாலுல மூணு பங்கு வாய்ப்பு இருக்குன்னு எடுத்துச் சொன்னோம். "என் நாய் கண்ணு நல்லாத்தான் இருக்கு"ன்னு போனை வச்சுட்டாரு. அப்புறம் எடுக்கவே இல்ல. அவரைக் கட்டாயப்படுத்த நம்மகிட்ட எதுவும் இல்ல, அந்த நாயோட குட்டிங்க எங்க எங்க இருக்குன்னும் தெரியாது.

அடுத்த ஈத்து

2022 கடைசியில சாக்லேட் பெட்டையை வீட்டு ஆணோட சேர்த்தாங்க, க்ளியரும் கேரியரும். எட்டு குட்டி. ஆறு வாரத்துல ஸ்வாப் எடுத்தோம். குட்டிக்கு எடுக்குறதுல ஒரு சிக்கல் இருக்கு, இப்பதான் பால் குடிச்சிருந்தா வாயில அம்மாவோட செல்லு ஒட்டியிருக்கும், ரிசல்ட் குழம்பிடும். அதனால அம்மாவை ரெண்டு மணி நேரம் தோப்புப் பக்கம் கட்டிட்டு, குட்டிங்களை ஒண்ணோட ஒண்ணு வாய் வைக்காம தனித்தனி வாழைப்பழ அட்டைப்பெட்டியில போட்டு வச்சோம். எட்டும் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஸ்வாப்பை வச்சு பதினஞ்சு இருபது செகண்டு சுத்தி, காத்துல நல்லா காய வச்சு, அப்புறம்தான் கவர்ல போடணும், ஈரத்தோட மூடினா பூசணம் புடிச்சு வீணாப் போயிடும். சிப்பும் அன்னைக்கே போட்டாச்சு. 8 வாரம் ஆகாம குட்டியை விக்கக் கூடாதுன்னு 2017 மத்திய அரசு விதியிலயே இருக்கு, அதனால ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்குறது தனிச் சுமையா தெரியல.

அஞ்சு கேரியர், மூணு க்ளியர். பாதிக்குப் பாதின்னு சொன்னீங்களேன்னு அக்கா கேட்டாங்க, பாதிங்கறது நிறைய ஈத்தைச் சேர்த்துப் பாக்கும்போது வர்ற கணக்கு, ஒரு ஈத்துல அப்படி இப்படித்தான் இருக்கும்.

ஒவ்வொரு குட்டியோடவும் ரிப்போர்ட்டும் ஒரு பக்கத்துல தமிழ்ல விளக்கமும் குடுத்தாங்க. கேரியர்ங்கற வார்த்தையைக் கேட்டதுமே ஒருத்தர் குட்டி வேண்டாம்னு போயிட்டாரு, எவ்வளவு விளக்கியும் அவருக்கு அது நோயாளிக் குட்டியாத்தான் தெரிஞ்சுச்சு. மத்த நாலு பேரும் எடுத்துக்கிட்டாங்க, ப்ரீடிங்குக்கு விட மாட்டோம், விட்டா க்ளியரோட மட்டும்தான்னு எழுதிக் குடுத்தாங்க. விட்டுப் போன குட்டியும் ஒரு மாசம் கழிச்சு நல்ல வீட்டுக்குப் போச்சு. க்ளியரா இருந்த மஞ்சள் ஆண் குட்டி ஒண்ணை அக்கா நிறுத்திக்கிட்டாங்க. 2024 கடைசியில அதுக்கு ரெண்டு வயசு நெருங்குறப்போ இடுப்பு எக்ஸ்ரே எடுத்தோம், அப்பனை மாதிரியே. குணமும் அப்பன்தான். ஆணை அவசரப்பட்டு நிறுத்தியிருந்தா இந்தக் குட்டி கிடைச்சிருக்காது.

நோய் வந்த நாய்ங்க இப்போ

கோபி நாய்க்கு ஆறு வயசுக்குள்ள பகல் பார்வையும் போயிடுச்சு. புரை முத்திடுச்சு, ஆப்பரேஷன் பண்ணலாமான்னு கேட்டாரு, பின்னாடி விழித்திரையே வேலை செய்யாதப்போ லென்ஸை மாத்தி பிரயோஜனம் இல்ல. ஆனா முத்தின புரை கண்ணுக்குள்ள வீக்கத்தையும் அழுத்தத்தையும் கொண்டு வரும், அதனால குறிப்பிட்ட இடைவெளியில கொண்டு வந்து காட்டுறாரு, இதுவரைக்கும் வலி இல்ல. படி ஆரம்பிக்குற இடம் எல்லாத்துலயும் தேங்காய் நார் மிதியடி போட்டு வச்சிருக்காரு, கால்ல சொரசொரன்னு பட்டா நாய் நின்னு கீழ மோந்து பாத்து இறங்குது. கிணத்துக்கு கம்பி வலை போட்டாச்சு. வீட்டுல இருக்க இன்னொரு நாட்டு நாய் கழுத்துல சலங்கை கட்டி விட்டிருக்காரு, அந்த சத்தத்தைப் புடிச்சுக்கிட்டே இது தோட்டம் முழுக்க சுத்துது. கட்டில், தொட்டி எதையும் இடம் மாத்தக் கூடாதுன்னு வீட்டுல சட்டம்.

சின்னவளுக்கு நாலரை வயசு நெருங்குறப்போ இருட்டுல தயக்கம் ஆரம்பிச்சுது. எதிர்பார்த்ததுதான். முன்னாடியே தெரிஞ்சதால வெளிச்சம் இருக்கும்போதே "படி", "நில்லு", "இந்தப் பக்கம்"னு வார்த்தைக்கு வார்த்தை பழக்கி வச்சிருக்காங்க அக்கா.

இனி மாத்த வேண்டியது

ஒரு ஜோடியில ஒண்ணு பிஆர்சிடி க்ளியர்னு உறுதியா தெரிஞ்சா போதும், குட்டிக்கு இந்த நோய் வராது. அதனால காசு கையைக் கடிச்சா முதல்ல ஆணுக்கு டெஸ்ட் பண்ணுங்க, ஒரு பெட்டை வாழ்நாள்ல போடுற குட்டியை விட ஒரு ஸ்டட் ஒரே வருஷத்துல பரப்புறது அதிகம். டெஸ்ட்டுக்கு ஆகுற செலவு ஒரு குட்டி விலையில சின்ன பங்குதான், ஆயுசுக்கும் ஒரே தடவைதான்.

க்ளியர்னு வந்துட்டா கண்ணுக்கு எதுவுமே வராதுன்னும் நெனச்சுடக் கூடாது. அந்த ரிப்போர்ட் ஒரே ஒரு ஜீனைப் பத்தித்தான் பேசுது. லேப்ரடார்லயே குட்டையான முன்னங்காலோடயும் விழித்திரைக் கோளாறோடயும் சேர்ந்து வர்ற வேற பரம்பரை நோய் இருக்கு, கோல்டன் ரெட்ரீவருக்கு பிஆர்சிடி தவிர தனியா ரெண்டு பிஆர்ஏ ஜீன் இருக்கு. அதனால ப்ரீடிங் நாய்ங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பாப்பாவை விரிய வச்சு கண் பரிசோதனை பண்றதை டிஎன்ஏ டெஸ்ட்டோட சேர்த்தே வச்சுக்கணும். அப்பா அம்மா ரெண்டும் க்ளியர், அதனால குட்டியும் க்ளியர்னு எழுதுறது சரியான கணக்குதான், ஆனா பேப்பர்ல இருக்க ஆண்தான் நிஜமான அப்பாங்கறது உறுதியா இருக்கணும், சில தலைமுறைக்கு ஒரு தடவை திரும்ப டெஸ்ட் பண்ணிக்குறது நல்லது.

அக்கா இப்போ குட்டி வாங்கினவங்க எல்லாருக்கும் வருஷா வருஷம் பொங்கலுக்கு போன் பண்றாங்க, நம்பர் மாறியிருந்தா நோட்டுல திருத்திக்குறாங்க, நாலு வயசு தாண்டின நாயா இருந்தா இருட்டுல எப்படி நடக்குதுன்னு கேக்குறாங்க. ஸ்டட் கேட்டு வர்றவங்ககிட்ட முதல்ல கேக்குறது சிப் நம்பர் போட்ட ரிப்போர்ட். அது இல்லாதவங்களுக்கு ஸ்வாப் கிட் அவங்க வீட்டுலயே வாங்கி வச்சிருக்காங்க, அங்கயே சிப்பை ஸ்கேன் பண்ணி எடுத்து அனுப்பிட்டு, ரிசல்ட்டோட அடுத்த ஹீட்டுக்கு வரச் சொல்லிடுறாங்க.